தோல்முட்டையும் கொழுத்த ஈரலும்

நகர வீடுகளிற் கோழி வளர்ப்போர் அறிய வேண்டியவை

கொழும்பு நகரிலே நிலம் சுருங்கிவிட்டபோதிலும் கோழி வளர்க்கும் வழக்கம் முற்றாக அற்றுவிடவில்லை. வெள்ளவத்தையிற் கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையில் நெருங்கி நிற்கும் வீடுகளின் பின்வளவுகளிலும் ஐந்தாறு பேடுகளையேனும் வளர்ப்போர் இன்றும் உளர். வீட்டுப் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கிறது. எஞ்சியதை விற்றாற் கைச்செலவுக்கு உதவுகிறது. இவ்வாறு வளர்ப்போர் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. கோழி நன்றாகத் தின்கிறது, நன்றாகக் கொழுத்திருக்கிறது, ஆயினும் முட்டை குறைகிறது. இடுகின்ற முட்டையும் தோல்முட்டையாக வருகிறது என்பதே அது.

தோல்முட்டை என்றவுடன் சுண்ணாம்புச் சத்துப் போதாது என்று முடிவுசெய்து சிப்பித்தூளை மேலும் மேலும் இடுவதே வழக்கம். அம்முடிவு பல வேளைகளிற் சரியாக இருக்கும். ஆனால், கொழுத்த கோழியில் அது பாதி உண்மையே. மற்றைப் பாதி ஈரலிலே கிடக்கிறது. அதனை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சி

வீட்டுத்தோட்டம் ஒன்றைப் பார்ப்பதற்காகக் கொட்டாஞ்சேனைக்குச் சென்றிருந்தபோது, அயல்வீட்டு அம்மா ஒருவர் தம் கோழிகளையும் வந்து பார்க்குமாறு அழைத்தார். கணவரை இழந்தவர். பன்னிரண்டு பேடுகள் வைத்திருந்தார். முட்டை விற்ற பணத்திலேதான் மகனின் வகுப்புக் கட்டணம் செலுத்தப்பட்டு வந்தது. அருகிலிருந்த சாப்பாட்டுக் கடை ஒன்றில் இரவு எஞ்சும் பொரித்த சோறு, கொத்துரொட்டி, றோல்ஸ் ஆகியவற்றைக் காசின்றிப் பெற்று, காலையிற் கோழிகளுக்கு இட்டுவந்தார். கோழிகள் பாரித்துக் கொழுத்திருந்தன. இரு பக்கச் சுவர்களுக்கிடையே தகரக் கூரையின் கீழ்க் கூடு இருந்தது. வெயில் உள்ளே வருவதற்கு வழியில்லை.

“தம்பி, சிப்பித்தூளை நான் ஒரு நாளும் தவறவிடவில்லை. ஒரு கிலோ வாங்கினால் பத்து நாளைக்குத்தான் காணும். அப்படிப் போட்டும் முட்டை தோலாக வருகிறது. இதற்கு மேல் எவ்வளவு போடுவது?” என்று அவர் கேட்டார்.

கணக்கிட்டுப் பார்த்தேன். கோழி ஒன்றுக்கு நாளொன்றில் ஏறத்தாழ 8 கிராம் சிப்பித்தூள். அதிலுள்ள கல்சியம் ஏறத்தாழ 3 கிராம். இது சிறு தொகையன்று. எனினும், பத்து முட்டை கிடைத்த இடத்தில் ஐந்தே கிடைத்தன. அவற்றுள்ளும் இரண்டு தோல்முட்டை. முந்திய வாரத்தில் இரண்டு பேடுகள் நோய்க்குறி எதுவுமின்றி ஒரே பிற்பகலில் இறந்திருந்தன. அடுத்த நாள் மூன்றாவதும் இறந்தது. அதனை அரச மிருக வைத்தியரிடம் அனுப்பிவைத்தோம். வயிற்றைத் திறந்தபோது தடித்த மஞ்சட் கொழுப்புப் படை காணப்பட்டது. ஈரல் தன் இயல்பான செங்கபில நிறத்தை இழந்து மஞ்சளாகி, வீங்கி, விரலிடையே வெண்ணெய்போல் நசுங்கிற்று. அதன்மேல் உறைந்த குருதிக் கட்டி இருந்தது. கொழுப்பினாற் பலவீனமடைந்த ஈரல் வெடித்து, உள்ளே குருதி ஒழுகியதனாலேயே கோழி இறந்தது.

இதனைக் கொழுப்பீரற் குருதிக்கசிவு நோய் என்பர். 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் முட்டையிடும் பேடுகளில் இது முதன்முதல் விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் கூட்டில் அடைபட்டு, ஓடியாட இடமின்றி, வெப்பமான காலத்தில், நிரம்பத் தின்று நிரம்ப முட்டையிடும் கோழிகளையே இது தாக்குகின்றது.

பேட்டின் ஈரல் செய்யும் வேலை

மனிதனிலும் பிற முலையூட்டிகளிலும் கொழுப்பு ஆக்கப்படும் இடங்கள் பல. பறவையிலோ அவ்வேலையின் பெரும்பகுதி ஈரலையே சாரும். ஒரு முட்டையின் மஞ்சட்கருவில் ஏறத்தாழ 5 கிராம் கொழுப்பு உண்டு. நாள்தோறும் முட்டையிடும் பேட்டின் ஈரல் அத்துணைக் கொழுப்பையும் நாள்தோறும் ஆக்கி, புரதத்தோடு பொதி செய்து, குருதி வழியாகச் சூலகத்துக்கு அனுப்புதல் வேண்டும். ஆக்கமும் ஏற்றுமதியும் ஒத்திருக்கும்வரை ஈரலுக்குத் தீங்கில்லை. ஆக்கம் மிகுந்து ஏற்றுமதி குறையுமாயின் கொழுப்பு ஈரற் கலங்களிலேயே தேங்கும்.

ஆக்கம் மிகுவது தேவைக்கு மேற்பட்ட சத்தியால். இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். எண்ணெய் மட்டுமே குற்றவாளி அன்று. சோறு, பாண், பணிஸ், குறுணல், சோளம் ஆகியவற்றின் மாப்பொருள் மிகுந்தாலும் பேட்டின் ஈரல் அதனைக் கொழுப்பாக மாற்றிவிடும். கடையின் பொரித்த சோற்றிலோ மாப்பொருளும் எண்ணெயும் ஒருங்கே மிகுந்துள்ளன.

ஏற்றுமதி குறைவது புரதக் குறைவால். கொழுப்பைப் பொதி செய்வதற்கு மெதியோனீன் என்னும் அமினோவமிலமும் கொலீன் என்னும் சத்தும் இன்றியமையாதன. கடைச் சோற்றில் இவை மிகக் குறைவு. சரக்கு மலைபோற் குவிகின்றது. ஏற்றிச்செல்ல லொறியோ இல்லை. துறைமுகத்தை அடுத்து வாழும் கொட்டாஞ்சேனை மக்களுக்கு இந்நிலையை விளக்க வேண்டுவதில்லை.

ஒரு முட்டை ஓட்டின் விலை

முட்டை ஓடு ஒன்றின் நிறை 5 முதல் 6 கிராம் வரை. அதிற் கல்சியம் ஏறத்தாழ 2 கிராம். ஓடு படிவதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் செல்கின்றது; அதன் பெரும்பகுதி, கோழி உறங்கும் இரவு வேளையிலேயே நிகழ்கின்றது. தின்ற கல்சியம் முழுவதும் உடலிற் சேர்வதில்லை. ஏறத்தாழ அரைவாசியே சேரும். ஆகவே, நாளொன்றுக்கு 4 கிராம் அளவிற் கல்சியம் தேவைப்படுகின்றது. முட்டைக்கோழித் தீனில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கல்சியம் சேர்க்கப்படுவது இக்கணக்கினாலேயே. அத்தீனை 110 கிராம் தின்னும் பேட்டுக்குத் தேவையான அளவு அதிலேயே கிடைத்துவிடும்.

தீனிற் பாதியைக் குறைத்துக் கடைச் சோற்றினால் வயிற்றை நிரப்பினால், கல்சியமும் பாதியாகின்றது. அப்பொழுது பேடு தன் எலும்பின் உள்ளே சேமித்து வைத்துள்ள கல்சியத்தைக் கரைத்து ஓட்டை ஆக்கும். சில நாட்களுக்கு ஒன்றும் தெரியாது. சேமிப்புக் கரைந்தபின் ஓடு மெலியும். பின்பு தோல்முட்டை வரும். கால் எலும்பும் எளிதில் முறியும்.

இன்னுமொன்று உண்டு. கல்சியம் போதாத பேடு, அக்குறையை நிரப்புவதற்காகக் கூடுதலாகத் தின்னும். தின்னும் பொருளிற் கல்சியம் இல்லாமற் சத்தி மட்டுமே இருப்பின், கோழி மேலும் கொழுக்கும். ஈரல் மேலும் மஞ்சளாகும். ஈரற் கொழுப்பும் கல்சியக் குறைவும் ஒன்றையொன்று வளர்ப்பது இவ்வாறே.

சிப்பித்தூள் இட்டும் பயன்படாதது ஏன்?

அந்த அம்மாவின் கேள்விக்கு விடை இங்கேயே உளது. சிப்பித்தூளின் பயனைக் கெடுத்த காரணங்கள் நான்கு.

முதலாவது, தூள் மிக நொய்யதாக இருந்தது. காலையிற் சோற்றோடு கலந்திட்ட நொய்த்தூள் சில மணி நேரத்திற் குடலைக் கடந்துவிடும். ஓடு படியும் இரவிலே குடலிற் கல்சியம் இராது. 2 முதல் 4 மில்லிமீற்றர் வரையான சிப்பித் துண்டுகளோ இரைப்பையிலே தங்கி, இரவு முழுவதும் மெல்லக் கரையும்.

இரண்டாவது, எண்ணெய் கல்சியத்தைக் கட்டிவைத்தது. கொழுப்புச் சமிக்கும்போது கொழுப்பமிலங்கள் பிரிகின்றன. பாம் எண்ணெயிலும் விலங்குக் கொழுப்பிலும் மிகுந்துள்ள வகையான நிரம்பிய கொழுப்பமிலங்கள் குடலிலே கல்சியத்துடன் சேர்ந்து கரையாத சவர்க்காரமாகின்றன. அச்சவர்க்காரம் எச்சத்தோடு வெளியேறிவிடும். கோழியும் கொழுப்பை இழக்கிறது, கல்சியத்தையும் இழக்கிறது.

மூன்றாவது, விற்றமின் டீ குறைந்திருந்தது. குடலிலுள்ள கல்சியத்தைக் குருதிக்குள் ஏற்ற விற்றமின் டீ வேண்டும். அது தீனிலிருந்தோ, வெயில் படும் தோலிலிருந்தோ கிடைக்கும். ஆயின், கிடைத்தவுடனே அது தொழிற்படுவதில்லை. முதலில் ஈரலில் ஒருமுறையும், பின்பு சிறுநீரகத்தில் ஒருமுறையும் மாற்றமடைந்த பின்னரே தொழிற்படும். வெயிலற்ற கூட்டில் வாழும் கோழிக்கு மூலப்பொருள் குறைவு. அதனை மாற்ற வேண்டிய ஈரலும் கொழுப்பால் நலிந்துள்ளது.

நான்காவது காரணம் ஈரற் கலத்தின் உள்ளே நிகழ்வது. இது கோழிக்கு மட்டுமன்றி மனிதனுக்கும் பொருந்துவதாகையாற் சற்று விரிவாக அறிதல் நன்று.

ஈரற் கலத்தினுள்ளே கல்சியம்

கல்சியம் எலும்புக்கும் ஓட்டுக்கும் மட்டும் உரியதன்று. ஒவ்வொரு கலத்தினுள்ளும் அது செய்தி சொல்லும் தூதனாகப் பயன்படுகின்றது. தூதன் வரும்பொழுது தெரிய வேண்டுமாயின், மற்றைய வேளைகளில் அவன் அங்கு இருத்தலாகாது. ஆகவே, கலம் தன் நீர்மப் பகுதியிற் கல்சியத்தை மிகக் குறைவாகவே வைத்திருக்கும். வெளியே உள்ளதிற் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ளே இருக்கும். எஞ்சியதைக் கலத்தினுள்ளே உள்ள அகமுதலுருச் சிறுவலை என்னும் கிடங்கிற் பூட்டிவைக்கும். கிடங்குக்குள் கல்சியத்தை ஏற்றுவதற்கென ஒரு பம்பி உண்டு. அப்பம்பி இரவும் பகலும் இயங்குதல் வேண்டும். புரதங்களை ஒழுங்காக மடித்துப் பொதி செய்யும் வேலையும் அதே கிடங்கில் நடைபெறுவதால், அங்கே கல்சியம் குறைந்தால் அவ்வேலை தடைப்படும்.

2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் கொழுத்த எலிகளின் ஈரலை ஆராய்ந்தனர். கொழுப்பு மிகுந்த ஈரற் கலங்களில் அக்கிடங்கின் சுவரிலுள்ள கொழுப்புப் பொருள்களின் விகிதம் மாறியிருந்தது. அதனாற் பம்பியின் வலிமை குன்றியிருந்தது. பம்பியை மீண்டும் வலுப்படுத்தியபோது கலத்தின் நெருக்கடி தணிந்து, குருதிச் சர்க்கரையின் கட்டுப்பாடும் சீரடைந்தது. கொழுத்த எலிகளின் ஈரலிற் கிடங்கு, கலத்தின் சத்தி நிலையமாகிய இழைமணியோடு அளவுக்கு மீறி நெருங்கிவிடுவதையும், அதனால் இழைமணிக்குள் கல்சியம் மிகையாகப் புகுந்து அதனைக் கெடுப்பதையும் 2014ஆம் ஆண்டில் அதே ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

இவை எலிகளிற் கண்டவை. கோழியில் ஒவ்வொரு படியும் அவ்வாறே நிகழும் எனக் கொள்ளுதல் கூடாது. எனினும், இவற்றால் நாம் அறிவது ஒன்றுண்டு. ஈரற் கொழுப்பு வெறுமனே ஒரு மூலையிற் கிடக்கும் பாரம் அன்று. கிடங்கின் சுவரையே அது மாற்றுகின்றது. கலத்தின் கல்சிய ஒழுங்கு குலைந்தாற் புரதத்தைப் பொதி செய்யும் வேலையும் குலையும். அது குலைந்தாற் கொழுப்பு மேலும் தேங்கும். ஆகவே, கல்சியத்தை மட்டும் கூட்டுவதால் இந்நிலை நீங்காது. கொழுப்பைக் குறைத்தல் வேண்டும்.

கவனிக்க வேண்டிய குறிகள்

1. கோழி உயிருடன் இருக்கும்போதே கையாற் சோதிக்கலாம். நெஞ்செலும்பின் இரு பக்கமும் தசை மூடி, அடிவயிறு மெத்தைபோற் பருத்திருப்பின் கொழுப்பு மிகுந்துள்ளது. பழுப்பு முட்டையிடும் பண்ணையினப் பேட்டின் நிறை ஏறத்தாழ 2 கிலோகிராம். அதற்கு மிகவும் மேற்படுமாயின் எச்சரிக்கையடைக.

2. முட்டைத் தொகை சட்டென வீழ்தலும், மெல்லிய ஓடும், தோல்முட்டையும் காணப்படும்.

3. கொண்டை வெளிறும். சில வேளைகளில் அதன்மேற் பொடுகு போன்ற செதில் படியும்.

4. கொழுத்த கோழி, முதல் நாள் வரை முட்டையிட்டு, திடீரென இறக்கும்.

திடீர் மரணம் எல்லாம் இந்நோயினால் வருவதன்று. இராணிக்கட் நோய் முதலிய தொற்றுநோய்களும் அவ்வாறு கொல்லும். ஆகவே, இறந்த கோழியை உண்ணவோ, வெறுமனே எறியவோ கூடாது. அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. முட்டைக்கோழித் தீனே முதன்மை உணவாக இருத்தல் வேண்டும். பேடு ஒன்றுக்கு நாளொன்றில் 100 முதல் 120 கிராம் வரை அளந்து இடுக. கண்மட்டத்தில் இடுவதை விடுக.

2. வீட்டு மிச்ச உணவு மொத்தத்திற் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. பொரித்தவை, எண்ணெய் ஊறியவை, உப்பு மிகுந்தவை ஆகியவற்றை இடவே கூடாது. பால் பிழிந்த தேங்காய்ப்பூச் சக்கையும் எண்ணெயுள்ள பொருளே. அதனையும் இவ்வளவுக்குள் அடக்குக.

3. சிப்பித் துண்டுகளைத் தீனோடு கலவாது வேறொரு பெட்டியில் வைத்திடுக. தேவையான கோழி தேவையான அளவைத் தானே கொத்தும். பிற்பகலிற் பெட்டி வெறுமையாக இருத்தல் ஆகாது. வெள்ளவத்தைக் கரையிற் பொறுக்கிய சிப்பியாயின் உப்பு நீங்க நன்னீரிற் பலமுறை கழுவி, உலர்த்தி, இடித்துக் கொள்க. வீட்டு முட்டை ஓட்டையும் அவித்து, உலர்த்தி, நொறுக்கி இடலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு காரமானது. அதனை ஒருபோதும் இடாதீர்.

4. முருங்கையிலை, அகத்தியிலை, கங்குங் முதலிய பச்சிலைகளைக் கட்டித் தொங்கவிடுக. எட்டிக் கொத்தும்போது உடலுக்கு உழைப்பும் கிடைக்கும்.

5. நாள்தோறும் சிறிது நேரமேனும் காலை வெயிலில் கோழிகளை உலவ விடுக. இடமில்லையாயின் கூரையில் ஒரு பகுதியைத் திறந்து கம்பிவலை இடுக.

6. தேங்காய்ப் புண்ணாக்கையும் தீனையும் ஈரமில்லாத இடத்தில், நிலத்துக்கு மேலே பலகையில் வைத்திடுக. கொழும்பின் ஈரக்காற்றில் பூஞ்சணம் எளிதிற் பிடிக்கும். பூஞ்சண நஞ்சு நேரே ஈரலைத் தாக்குவது. மணம் மாறிய தீனை எறிந்துவிடுக.

7. கொழுத்த கோழியைப் பட்டினி போடாதீர். திடீரெனப் பட்டினி கிடந்தால் உடற் கொழுப்பு கரைந்து ஈரலிலேயே வந்து குவியும். மிச்ச உணவை ஒரு வார காலத்திற் படிப்படியாக நிறுத்தித் தீனுக்கு மாற்றுக.

8. குளிர்ந்த நன்னீர் எப்பொழுதும் இருக்கட்டும். கூட்டின் துப்புரவும் அமைவும் மாநகர சபையின் சுகாதார விதிகளுக்கு இணங்க இருத்தல் வேண்டும்.

வளர்ப்போர் தம் ஈரலையும் நினைக்க

கோழிக்கு ஆகாத தட்டு நமக்கு ஆகுமோ என்பதையும் சிந்தித்தல் வேண்டும். கொழும்புக்கு வடக்கேயுள்ள றாகமப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையானோரிடையே நடத்தப்பட்டு, 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், மூவரில் ஏறத்தாழ ஒருவருக்கு மதுவினால் அல்லாத கொழுப்பீரல் இருப்பது தெரியவந்தது. பகல் முழுவதும் இருந்த இடத்தில் வேலை. இரவிலே கொத்துரொட்டி, பொரியல், இனிப்புப் பானம். கூட்டிலடைத்த பேட்டின் வாழ்க்கைக்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

மனிதனிலும் விற்றமின் டீயின் முதல் மாற்றம் ஈரலிலேயே நிகழ்கின்றது. கொழுப்பீரல் உள்ளோரிடம் அவ்விற்றமின் குறைந்திருப்பது பல நாடுகளிலும் காணப்பட்டுள்ளது. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். தலையோடும் முள்ளோடும் உண்ணும் நெத்தலி, குரக்கன், முருங்கையிலை, பால், தயிர் ஆகியன அதனைத் தரவல்லன. குரக்கன் 100 கிராமில் மட்டும் 340 மில்லிகிராம் அளவிற் கல்சியம் உண்டு. ஆனால், நெத்தலியை எண்ணெயிலே மூழ்கப் பொரிப்பதிலும் குழம்பாக்கி உண்பது நன்று. பருத்த உடலுடையோர் தம் நிறையிற் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பாராயின், ஈரற் கொழுப்பும் பெரும்பாலும் குறைந்துவிடும். ஈரலுக்குத் தன்னைத் தானே புதுப்பிக்கும் ஆற்றல் உண்டு. காலம் தாழ்த்தாது அதற்கு இடமளித்தல் வேண்டும்.

முடிவுரை

அந்த அம்மா கடைச் சோற்றை நிறுத்தினார். தீனுக்குக் காசு செலவாகிறதே என்ற கவலை அவருக்கு இருந்தது. அது நியாயமான கவலையே. இரண்டாம் வாரத்தில் மேலும் ஒரு கோழி இறந்தது. மனம் தளர்ந்தாராயினும் முறையை விடவில்லை. கூரையில் இரண்டு தகரங்களை அகற்றிக் கம்பிவலை இட்டார். ஏழாம் வாரத்தில் நான் சென்றபோது, எஞ்சிய எட்டுப் பேடுகளில் ஆறு முட்டையிட்டுக்கொண்டிருந்தன. தோல்முட்டை அருகிவிட்டது. காசின்றிக் கிடைத்த சோறு நான்கு பேடுகளை விலையாகக் கொண்டது என்று அவரே கணக்குச் சொன்னார்.

ஆகவே, கோழி வளர்ப்போரே, தோல்முட்டை கண்டவுடன் சிப்பித்தூளை மட்டும் நாடாதீர். கோழியைக் கையிலே தூக்கி நிறையைப் பாருங்கள். அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அது எதைத் தின்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஈரல் நலமாயிருந்தால் இடுகின்ற சுண்ணாம்பு ஓட்டிலே சேரும். ஈரல் கெட்டிருந்தால் அது எச்சத்திலே போகும். மேலும் ஐயமுளதாயின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ அரச மிருக வைத்தியரையோ கண்டு கேட்டறிக.